துடுப்பு முளைக்காத மீன்குஞ்சு

ஜென்சியின் மீன் ஒளிர்ந்த அன்று அவள் அதை முதலில் எபிக்குத்தான் காட்டினாள்.

கணவனும் மனைவியுமாக அவர்கள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையம் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனவனைக் கையைப் பிடித்து மைக்ராஸ்கோப் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள் ஜென்சி. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்ட அறை. வெயிலிலிருந்து உள்ளே வந்தால் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது.

"என்னன்னு கேக்காத. உக்காந்து பாரு."

எபி குனிந்து கண்ணை வைத்தான். முட்டைக்குள் ஒரு மீன்கரு சுருண்டு கிடந்தது. கடுகளவுதான் இருக்கும், ஊடே பார்க்கலாம் போல அவ்வளவு தெளிவு. உடம்பு முழுக்க இருட்டு. தலைக்குச் சற்றுக் கீழே, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, துடுப்பு முளைக்கப்போகும் இடத்தில் மட்டும் இரண்டு பச்சைப் பொட்டுகள்.

அந்த இரண்டு பொட்டுகளைப் பார்க்கத்தான் எபி ஆறு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தான்.

"சூப்பர்," என்றான். வாய் அதன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. "மஞ்சள் கரு சில சமயம் தானா மின்னும். அது இல்லையே?"

"இது துடுப்பு எபி. நல்லா பாரு. எல்லாத்துலயும் அதே எடத்துலதான்."

அவன் மறுபடி பார்த்தான். துடுப்புதான். சந்தேகமே இல்லை.

எபியின் ஆராய்ச்சி என்ன என்று கேட்டால் அவன் இப்படித்தான் சொல்லுவான்: உடம்பில் எந்தச் செல்லை எடுத்தாலும் உள்ளே இருக்கும் மரபணுக்கள் ஒன்றேதான். கண்ணில் இருப்பதும் அவைதான், குடலில் இருப்பதும் அவைதான். கரு வளரும்போது எந்த மரபணுவை எந்த இடத்தில், எந்த நேரத்தில் படியெடுப்பது என்பதில்தான் கண் கண்ணாகிறது, குடல் குடலாகிறது. அதை முடிவு செய்பவை டி.என்.ஏ. இழையில் ஆங்காங்கே கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகள். ஆய்வகத்தில் அவற்றுக்கு ஸ்விட்ச் என்று பேர். உரிய புரதங்கள் வந்து உட்கார்ந்ததும் இழை வளையும், ஸ்விட்ச் தன் மரபணுவின் பக்கத்தில் வரும், மரபணு விழித்துக்கொள்ளும். மீனின் மார்புத் துடுப்பும் மனிதனின் கையும் ஏறக்குறைய ஒரே வழியில் முளைப்பவை. துடுப்பை முளைக்கவைக்கும் ஒரு மரபணு இருக்கிறது. அதைத் துடுப்பின் இடத்தில் மட்டும் எழுப்பிவிடும் ஸ்விட்ச் எது? அவன் தேடியது அதைத்தான்.

அந்த மரபணுவுக்கு முன்னும் பின்னும் இருந்த டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவோடு ஒட்டி, அப்போதுதான் இட்ட மீன் முட்டைக்குள் ஊசியால் செலுத்துவான். துண்டு ஸ்விட்சாக இருந்தால் மறுநாள் துடுப்பு ஒளிர வேண்டும். மறுநாள் காலையில் பார்ப்பான். இருட்டு. அடுத்த துண்டு. இருட்டு. இப்படியே போய்க்கொண்டிருந்தது வாழ்க்கை.

ஜென்சி அந்த ஆய்வகத்துக்கு அவனுக்குப் பிறகு வந்தவள். கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஆய்வகத் தலைவர் டாக்டர் கரீமிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். கம்ப்யூட்டரில் உயிரியல் படித்தவள். மீன், கோழி, எலி, மனிதன் என்று எல்லாருடைய டி.என்.ஏ.வையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் மாறாமல் இருக்கும் ஒரு துண்டைக் காட்டினாள். அது எபியின் மரபணுவிலிருந்து வெகு தொலைவில், வேறொரு மரபணுவின் நடுவில் இருந்தது. ஆய்வகக் கூட்டத்தில் எபி சிரித்தான்.

"நம்ம வீட்டு லைட்டுக்கு அடுத்த தெரு வீட்டு பெட்ரூம்லயா ஸ்விட்ச் வெப்பாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜென்சியும்தான் சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்தத் துண்டை எடுத்து ஊசியில் ஏற்றினாள்.

பச்சைப் பொட்டுகளைப் பார்த்த கரீம் சார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நரைத்த தாடியைத் தடவிக்கொண்டே, "மாஷா அல்லாஹ்! எங்கயோ இருந்துகிட்டு இங்க ஸ்விட்ச் போடுது பாரேன்," என்றார். அன்றிலிருந்து அவர் காலையில் உள்ளே வரும்போது கூப்பிடும் முதல் பெயர் மாறியது. முன்பெல்லாம் "எபி, என்னப்பா ஆச்சு?" இப்போது "ஜென்சி எங்கம்மா?"

எபிக்கு அது காதில் விழும் ஒவ்வொரு முறையும் எரிந்தது.

எரிச்சல் வீட்டுக்கும் வந்தது. அவர்கள் செம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார்கள். கூட எபியின் அம்மா ரத்தினபாய். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரம் சர்ச்சில் யாரைப் பார்த்தாலும் "எங்க எபி மீனை வச்சு கை எப்படி முளைக்குதுன்னு கண்டுபுடிக்கிறான்" என்று பெருமை பேசுகிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு போட்டுக்கொண்டிருந்தபோது எபியின் காதுபடவே அவர் யாரிடமோ சொன்னார்: "மருமவதான் கண்டுபுடிச்சிருக்கா. இவன் இத்தன வருசமா தேடினது."

ஜென்சி அதில் குளிர்ந்து போய்விடவில்லை. "ஐயோ அத்தை, அவர் தேடி வச்சதாலதான் நான் வேற எடத்துல தேடினேன்," என்றாள். அம்மா முன்னால் மட்டும் அவன் அவளுக்கு "அவர்". அவள் மனசாரத்தான் சொன்னாள். அதுதான் எபிக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் தலைக்கனத்தோடு நடந்துகொண்டாளானால் அவள் மேல் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

கோபத்துக்கு இடம் கிடைக்காததால் அது சில்லறையாக வெளியே வந்தது. குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்பான். அவள் எழுதிய அறிக்கையில் கமா போட்ட இடத்தையெல்லாம் சுழித்துக் கொடுப்பான். பைக்கில் போகும்போது அவள் பின்னாலிருந்து எதையாவது ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால், சிட்லபாக்கம் வளைவு வரைக்கும் காது கேட்காதவன் போலவே ஓட்டுவான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுக்கும் பாட்டுகூட அவனைச் சீண்டுவதற்கென்றே பாடுவது போலிருந்தது. மாமியாரிடம், "வேலை சரியா போகல, அதான் இப்படி இருக்காரு," என்று ஜென்சி அவனுக்காகப் பரிந்து பேசுவதையும் ஒருநாள் கேட்டான். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

அடுத்து செய்யவேண்டியது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒளிர்கிறது என்றால் மட்டும் போதாது. அந்த ஸ்விட்சை மீனின் டி.என்.ஏ.விலிருந்து வெட்டி எடுத்துவிட்டால் துடுப்பு முளைக்கக் கூடாது. அப்போதுதான் உலகம் நம்பும். ஜென்சி மரபணுக் கத்தரியால் அந்தத் துண்டை வெட்டி, அந்த மீன்களை வளர்த்து, அவற்றின் குஞ்சுகளை மறுபடி வளர்த்து, பிப்ரவரியில் முட்டை எடுத்தாள்.

எல்லாக் குஞ்சுக்கும் துடுப்பு இருந்தது. இரண்டு பக்கமும், அழகாக, விசிறி மாதிரி.

மறுபடி எடுத்துப் பார்த்தாள். அப்போதும் இருந்தது. ஸ்விட்ச் இல்லாமலே துடுப்பு முளைக்கிறது என்றால், அது ஸ்விட்சே இல்லை என்றுதான் யாரும் சொல்லுவார்கள். கரீம் சார் அவள் தோளில் தட்டிவிட்டுப் போனார். மீன் தொட்டிகள் இருந்த அறையில், தண்ணீர் குமிழியிடும் சத்தத்துக்கு நடுவே ஜென்சி குலுங்கிக் குலுங்கி அழுதாள். எபி அவளை அணைத்துக்கொண்டான்.

அவளை அணைத்திருந்த அந்த நேரத்தில் அவன் மனசு லேசாக இருந்தது. பல மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது போல மூச்சு தாராளமாக வந்தது.

அந்த வாரம் போல அவன் அவளிடம் எப்போதும் அன்பாக இருந்ததில்லை. காலையில் அவனே டீ போட்டான். சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கக் கூட்டிப் போனான். தாம்பரம் வரை போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவினான்.

"கல்யாணம் ஆன புதுசுலகூட நீ இப்படி இருந்ததில்லையேடா," என்றார் ரத்தினபாய்.

"அவ மனசு ஒடஞ்சு கெடக்கா மா," என்றான் எபி. உண்மையாகவே அவனுக்கு அவள் மேல் பாசம் பொங்கியது. தோற்ற ஜென்சியை நேசிப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

மனசு லேசானதும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. மார்ச் மாதம் ஒருநாள், தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது அவனுக்கு அது தோன்றியது. ஜென்சியின் துண்டு ஒளிர்ந்தது பொய்யில்லை, அவனே பார்த்திருக்கிறான். அதை எடுத்த பிறகும் துடுப்பு முளைத்ததும் பொய்யில்லை. இரண்டும் நிஜம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது. ஒன்று போனாலும் மற்றது பார்த்துக்கொள்கிறது.

அப்படியென்றால் அது எங்கே?

உடனே அவனுக்கு நினைவு வந்தது. பல வருடம் முன்னால், மரபணுவுக்கு மிக அருகில் இருந்த ஒரு துண்டைச் செலுத்திய நாள். காலையில் பார்த்தபோது வழக்கம்போல இருட்டு. மழையில் குரோம்பேட்டை முழுக்கத் தண்ணீர் நின்றதால் வீட்டுக்குப் போக முடியாமல் அங்கேயே இருந்தவன், குப்பையில் கொட்டுவதற்கு முன் பிற்பகலில் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான். சில கருக்களில் ஏதோ மங்கலாக மின்னியது. மஞ்சள் கருவின் மினுமினுப்பு என்று கொட்டிவிட்டான்.

ஃப்ரீசரின் அடியிலிருந்து அந்தக் குப்பியைத் தேடி எடுத்து, யாருக்கும் தெரியாமல் மறுபடி ஊசி போட்டான். மறுநாள் காலையில் இருட்டுதான். காத்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தான். துடுப்பு மொட்டில் மெல்லிய பச்சை. மணி ஏற ஏற அது தெளிந்தது. அந்த ஸ்விட்ச் தாமதமாக எழுந்துகொள்வது. அவன்தான் எப்போதும் காலையிலேயே பார்த்துவிட்டுக் கொட்டியிருக்கிறான்.

ஜென்சி பக்கத்து அறையில்தான் இருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். எபி கதவு வரைக்கும் போனான். கைப்பிடியில் கை வைத்தான்.

சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தான். அவளுடைய ஸ்விட்ச் பிழைத்துக்கொள்ளும். மறுபடி எல்லாரும் அவளைச் சுற்றி நிற்பார்கள். இவனைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கும்: கையிலே இருந்ததைக் குப்பையில் கொட்டியவன். இன்னும் கொஞ்சம் உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் ஜென்சி, "எபி, ஒண்ணு கேக்கணும்," என்றாள். ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். "ஜெனி தெரியும்ல, என்கூட படிச்சவ? சோழிங்கநல்லூர்ல அவ கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். டேட்டா வேலை. நான் அப்ளை பண்ணட்டுமா?"

"பி.எச்.டி.?"

"எதை வச்சு முடிக்கறது? அதான் பொய்யாப் போச்சே." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ போகாதன்னு சொன்னா போகல. நீ சொல்லு. உனக்குத்தான் இந்த விஷயம் தெரியும்."

எபி வழியில் கிடந்த கல்லைக் காலால் தள்ளினான். பிறகு, "போயேன் ஜென்சி. நல்ல வேலை. இங்க இருந்தா மனசுதான் கஷ்டம்," என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே அவன் கரீம் சாரின் அறைக்குப் போனான். இரண்டாவது ஸ்விட்ச் பற்றிச் சொன்னான். ஜென்சியின் மீன்களிலிருந்து முட்டை எடுத்து, அவற்றில் தன் துண்டையும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றான். "ஜென்சிகிட்ட இப்போ சொல்லாதீங்க சார். மறுபடி ஆசை காட்டி ஏமாந்துட்டான்னா தாங்க மாட்டா." சார் கண் கலங்க அவனைப் பார்த்து, "நல்ல மனசுப்பா உனக்கு," என்றார்.

கைகூடி வர மே மாதம் ஆனது. அதற்குள் ஜென்சிக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜூன் நடுவில் சேர வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் அவள் தன் மேஜையைக் காலி செய்ய வந்தாள். எபி கேன்டீனில் இருந்தான். திரும்பி வந்தபோது மைக்ராஸ்கோப் அறைக் கதவு திறந்திருந்தது. அவனுடைய தட்டு அவளுடைய கண்ணுக்குக் கீழே இருந்தது.

அவள் தலையைத் தூக்கவில்லை. "எபி," என்றாள். "இதுக்குத் துடுப்பு இல்ல. எதுக்குமே இல்ல. இது என் மீன்தானே? என் மீனோட குஞ்சுதானே?"

தட்டுக்குள் மீன்குஞ்சுகள் பக்கவாட்டில் துடுப்பே இல்லாமல், வாலை மட்டும் அடித்துக்கொண்டு தடுமாறிச் சுற்றின. எந்த மீனில் எதை வெட்டியது என்று தட்டின் மேல் எபி எழுதி வைத்திருந்தான். பக்கத்தில் இன்னொரு தட்டு. அதில் சாதாரண மீனின் குஞ்சுகள், எபியின் துண்டை மட்டும் வெட்டியவை. அவற்றுக்குத் துடுப்பு நன்றாக இருந்தது. ஏதாவது ஒரு ஸ்விட்ச் இருந்தால் போதும். இரண்டும் போனால்தான் துடுப்பு போகும். அவள் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். எபிக்கு வருடக்கணக்கில் புரியாதது.

அவள் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். "எனக்காகவா பண்ணின? எனக்குத் தெரியாம?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. பிடிபட்டுவிட்டோம் என்றுதான் நின்றிருந்தான். அவளோ அவனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தாள்.

"ஆமா," என்றான் எபி.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவனுக்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும். ஜென்சி வேலை வேண்டாம் என்று எழுதிப் போட்டாள். ஆய்வகத்தில் ஒவ்வொருவரிடமும் போய், எபிதான் தன் ஆராய்ச்சியைக் காப்பாற்றினான் என்று சொன்னாள். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று கரீம் சார் கேட்டதற்கு, "எபி பேரைப் போடுங்க சார்," என்றாள். அவன் எத்தனை வருடமாக ஏங்கியது அது. இப்போது அவள் அதை எடுத்து அவன் கையில் வைக்கிறாள், பந்தியில் தன் இலையிலிருந்து எடுத்து வைப்பது மாதிரி. அதைக் கொடுக்கும் மனசும் அவளிடம்தான் இருந்தது. எபி அதையும் பொறாமையோடு பார்த்தான்.

பக்ரீத் அன்று கரீம் சார் கிழக்குத் தாம்பரத்தில் இருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவி ஜஹீரா பிரியாணியும் தால்ச்சாவும் பரிமாறினார். சார் உற்சாகமாக இருந்தார்.

"ஜென்சி, உன் வீட்டுக்காரன் மாதிரி ஒருத்தன் கிடைக்கமாட்டான்மா. மார்ச்சு மாசமே வந்து சொல்லிட்டான், ரெண்டாவது ஸ்விட்ச் இருக்கு சார், நானே பாத்துட்டேன்னு. ஆனா ஜென்சிகிட்ட சொல்லாதீங்க, ஏமாந்தா தாங்க மாட்டான்னு ஒரே பிடிவாதம். என்னா பாசம்!"

ஜென்சி சிரித்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "மார்ச்சுலயா சார்?"

"ஆமாமா. நோன்பு நேரம், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் எபியைப் பார்க்கவில்லை. "அக்கா, தால்ச்சா ரொம்ப நல்லா இருக்கு," என்று ஜஹீராவிடம் சொன்னாள்.

திரும்பும்போது பைக்கில் ஏரிக்கரை வந்ததும், "நிறுத்து," என்றாள். இறங்கி அவன் எதிரே வந்து நின்றாள்.

"நான் வேலைக்குப் போகட்டுமான்னு இங்கதான் கேட்டேன். அன்னிக்கு உனக்குத் தெரியும்."

எபி பைக் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைப் பாரு எபி. தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போன்னு சொன்ன."

"ஆமா."

"ஏன்?"

அவனுக்குப் பல பதில்கள் வந்தன. எல்லாம் நல்ல பதில்கள். அவள் நின்ற நிலையைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. "பொறாமை," என்றான். அந்த வார்த்தையை அவன் அதுவரைக்கும் மனசுக்குள்ளேகூட சொன்னதில்லை. "உன் மீன் ஒளிர்ந்ததுலேருந்து."

"நான் போயிருந்தா, என் மீனை வச்சு உன் பேர்ல மட்டும் போட்டிருப்பியா?"

"தெரியல ஜென்சி."

"தெரியும். சொல்லு."

கரையில் நடை போகிறவர்கள் இவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கடந்தார்கள். எபி அவளை நிமிர்ந்து பார்த்தான். "போட்டிருப்பேன். உனக்கு நன்றின்னு கீழ ஒரு வரி எழுதியிருப்பேன்."

அவள் தலையை ஆட்டினாள், ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது போல. "நான் அழுதப்போ என்னைக் கட்டிப்புடிச்சிகிட்டியே. அப்போ சந்தோஷமா இருந்துச்சா உனக்கு?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. அவள் செருப்புச் சத்தம் கேட்க விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள். அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனான்.

மறுநாள் ஜென்சி கரீம் சாரிடம் தன் பெயரையே முதலில் போடச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. எபியும், "அதான் சார் நியாயம்," என்றான். சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவள் ஆய்வகத்துக்கு பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள். ராத்திரி மாமியாரின் அறையில் படுத்துக்கொண்டாள். இடுப்பு வலி என்று ஏதோ சொன்னாள். ரத்தினபாய் அதை நம்பியது போலக் காட்டிக்கொண்டார். ஆனால் எபிக்கு சாப்பாடு போடும்போது பாத்திரம் மேஜையில் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

வேலை மட்டும் நின்றுவிடவில்லை. இரண்டு ஸ்விட்சும் ஒன்றுக்கொன்று எப்போது கை மாற்றிக்கொள்கின்றன என்று பார்க்கவேண்டியிருந்தது. முதலில் ஜென்சியுடையது எழும், பிறகு எபியுடையது. நடுவில் கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்தே மரபணுவை எழுப்பி வைத்திருக்கும். காலையில் அவள் படம் எடுப்பாள், பிற்பகலில் அவன் எடுப்பான். வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினார்கள். "தட்டு மாத்தியாச்சா?" "மாத்தியாச்சு."

கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி மழைக்காலத்தில் வந்தது. ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த ஷாயிஸ்தா என்ற பெண் எபியிடம் வந்து, "சார், உங்க மிஸஸ் பேப்பர் படிச்சேன், பிரமாதம்," என்றாள். எபி சிரித்துக்கொண்டே நன்றி சொன்னான். உள்ளே பழையபடி எரிந்தது. இத்தனைக்கும் பிறகும் அது போகவில்லை. போய்விடும் என்று அவன் நினைத்திருந்தான்.

அன்று மழை கொட்டியது. பஸ் வராததால் ஜென்சி அவன் பைக்கில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவளிடம் எபி போய் நின்றான்.

"ஜென்சி. இன்னிக்கும் எரிஞ்சுது."

துண்டைப் பிடித்திருந்த கை நின்றது. "எப்போ?"

"அந்தப் பொண்ணு உன் பேப்பர்னு சொன்னப்போ."

"தெரியும். மூஞ்சி எப்படிப் போச்சுன்னு பாத்தேன்." அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "எனக்கும்தான் எரிஞ்சுது. உன் படத்ததான் பத்திரிகை அட்டைக்கு எடுத்துக்கறாங்களாம். நான் எடுத்த படம் அத்தனை இருக்கு," என்றாள்.

எபி அவளை வியப்போடு பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"இன்னும் உன்னை மன்னிக்கல நான்," என்றாள். "அதையும் தெரிஞ்சுக்க."

"சரி."

"சரின்னா சரி." ஈரத் தலையை முடிந்துகொண்டு அவள் லேப்டாப்பைத் திறந்தாள். "இங்க வா. முதுகுத் துடுப்புக்கு எங்க ஸ்விட்ச் இருக்கும்னு பாத்துகிட்டிருந்தேன். இந்தத் துண்டு."

எபி குனிந்து பார்த்தான். "இதுவா? சான்ஸே இல்ல. இது கோழில இல்லவே இல்லையே."

"கோழிக்கு முதுகுத் துடுப்பு இருக்கா? கோழில எப்படி இருக்கும்?"

"அதுக்காக இவ்ளோ தூரத்துலயா?"

"போன தடவயும் இதையேதான் சொன்ன!"

"போன தடவ வேற, இது வேற! இதுல புரதம் உக்கார எடமே இல்லன்றேன், நீ பாட்டுக்கு—"

"எடம் இருக்கு. கண்ணத் தொடச்சுகிட்டு பாரு!"

குரல்கள் ஏறின. இருவரும் ஒரே நேரத்தில் திரையைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுக்களையிலிருந்து ரத்தினபாய், "சண்டையை அப்புறம் போடுங்க, தோசை ஆறுது," என்று கத்தினார். யாரும் எழுந்து போகவில்லை.